தொலைவூர்க் கப்பலுக்கு நான் எழுதின நாலு வரி

பெப். 3, திங்கள்

பனி. காலை ஏழரை வரைக்கும் எதிர்க் கடை போர்டு தெரியல. கை விறைச்சுப் போய் ஊசியில நூல் கோக்க நாலு தரம்.

இன்னைக்கு வேலை:
– பசறை கல்யாண வீட்டு ஜாக்கெட் ஆறு. வெட்டினது மூணு.
– ஸ்கூல் சட்டை, காலர் மாத்தணும்.
– மெஷினுக்கு எண்ணெய்.

காதுல: நாக அரசி கதை, அத். 1–9. மலைக்குள்ள ஒரு நாகம் தூங்குது, அது கனவு காணக் காண மேல ஊர்ல மழை. நல்ல யோசனை. வாசிச்சவர் கெடுத்துட்டார். நாகம் பேசுறப்பல்லாம் குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, அதுக்கு மேல எதிரொலி வேற. ஆயிரம் வருஷம் தூங்கி எழுந்த ஒண்ணு ஏன் கத்தணும்? மெதுவாப் பேசினாத்தான் பயம். அரசிக்குக் கீச்சுக் குரல். பொம்பளை பேச்சை வாசிக்கிறதுன்னா மூக்கைப் பிடிச்சுக்கணும்னு இந்த ஆம்பளைங்களுக்கு யார் சொன்னது?

போன் ஆப்புல மூணு நட்சத்திரம் போட்டேன். கீழ நாலு வரி கருத்து, வழக்கம் போல 'விண்மீன்'ங்கிற பேர்ல. அரை மணியில ஒரு பதில்: "விண்மீன் அக்கா சொன்னா அப்பீல் இல்ல." மதுரைப் பக்கத்துப் பிள்ளை. முகம் பார்த்ததில்ல. சந்தோஷம். பொய் எதுக்கு, ரொம்ப சந்தோஷம். கழுத்து எவ்வளவு இறக்கம்ங்கிறதைத் தவிர இந்த பதுளையில யாரும் என்கிட்டக் கருத்துக் கேக்குறதில்ல.

கதைப் புத்தகம் கேக்கத் தொடங்கி ஆறு வருஷம். கண்ணும் கையும் மெஷினுக்கு, காது சும்மாத்தானே. குடும்பக் கதை கேக்க மாட்டேன். அது கடைக்கு வர்றவங்களே சொல்வாங்க. எனக்கு விண்வெளியும் மாயமும் தான்.

எனக்குப் பிடிக்காதவை (எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா):
– விண்கப்பல் கிளம்புறப்ப பிரஷர் குக்கர் சத்தம்.
– வேத்துக் கிரகத்து ஆளுங்க எல்லாருக்கும் 'க்ஸ்'னு முடியிற பேரு.
– மூவாயிரமாம் வருஷத்து மனுஷங்க எல்லாரும் ரேடியோ செய்தி மாதிரி பேசுறது.
– அத்தியாய முடிவுல வயலின்.

ராத்திரிக்குக் குரக்கன் ரொட்டி. தேங்காய் வாங்க மறந்தாச்சு.


பெப். 5, புதன்

வெயில். பத்து மணிக்கே முதுகு சுட்டுச்சு.

மத்தியானம் ஒரு டீச்சர் வந்தாங்க. மடுல்சீமைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல படிப்பிக்கிறாங்களாம். கல்விக் கந்தோர்ல வேலையா வந்தவங்க, அப்படியே ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டுப் போகலாம்னு ஏறி வந்திருக்காங்க. நாப்பது வயசிருக்கும். நீலத்துல சின்னக் கட்டம் போட்ட துணி. அளவு ஜாக்கெட் கொண்டு வரல, அதனால நாடா வெச்சு எடுத்தேன்.

"கைக்குழி கொஞ்சம் தளர வைங்க அக்கா. போர்டுல எழுதுறப்ப இழுக்குது."

அவ்வளவுதான் சொன்னாங்க. நாடா என் கையில அப்படியே நின்னுச்சு. இந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கன்னு வரல. வாக்கியத்தோட கடைசியில குரல் ஒரு படி இறங்கும், அந்த இடத்துல பருத்தி நூல் மாதிரி லேசா ஒரு பிசிறு. கோயில்ல பார்த்திருக்கோமான்னு கேட்டேன். இல்லைங்களேன்னாங்க. பூனாகலையில சொந்தம் இருக்கான்னு கேக்க வந்து நிறுத்திக்கிட்டேன். அதைக் கேட்டா நான் எந்த ஊருன்னு அவங்க திருப்பிக் கேப்பாங்க.

பேர் சுமதி. கொப்பியில எழுதினேன். அடுத்த புதன் பௌர்ணமி, போயா லீவு, கடை பூட்டு. 13ஆம் திகதி வியாழன் வரச் சொன்னேன்.

சாயந்தரம் கட்டத் துணியை விரிச்சு சோக்கட்டி எடுத்தப்பத் தெரிஞ்சுது. 'தொலைவூர்க் கப்பல்'. எப்பவோ கேட்ட விண்வெளிக் கதை. 'வாசிப்பு: சு.'ன்னு மட்டும் போட்டிருக்கும். அந்தக் குரல்.

அதுக்கு நான் என்னவோ எழுதினேனே. நல்லபடியா எழுதல. அது மட்டும் ஞாபகம் இருக்கு.


பெப். 6, வியாழன்

காலையிலயே தேடி எடுத்தேன். பதினோரு அத்தியாயம் இருக்கு. கடைசி அத்தியாயம் போட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல. பன்னிரண்டு வரவே இல்ல. என் கருத்து பதினொண்ணுக்குக் கீழ, மேல இருந்து முதலாவதா. நிறையப் பேர் விருப்பம் போட்டது மேல நிக்குமாம். நான் எழுதினதை அப்படியே இங்க எடுத்து வைக்கிறேன்:

"வாசிப்பு சரியில்லை. விண்கப்பல் கேப்டன் பெரட்டுக்களத்தில் நிற்கும் கங்காணி மாதிரி பேசுகிறார். எதிர்காலக் கதைக்கு இந்தத் தோட்டத்துத் தமிழ் வேண்டாமே. முதலில் தமிழைச் சரியாகப் பேசப் பழகிவிட்டு அப்புறம் வாசிக்க வரலாம்."

என்ன சுத்தமான தமிழ். ஒரு பிழை இல்ல.

கீழ வரிசையா மத்தவங்க. ஒருத்தர் சிரிப்பு பொம்மை பத்து. ஒருத்தர், கொழுந்து நிறுக்கிற எடத்துல மைக் குடுத்துட்டாங்களான்னு கேட்டிருக்கார். இன்னொருத்தர் எங்களை என்னன்னு ஏசுவாங்களோ அந்தச் சொல்லாலேயே ஏசியிருக்கார். அந்த ஆளுக்கும் நான் விருப்பம் போட்டிருக்கேன். ஏன் போட்டேன்? என் கருத்துக்குப் பதில் எழுதினவங்களுக்குப் படிக்காமலே போட்டுடுவேன். வழக்கம்.

'சு.' யாருக்கும் பதில் எழுதல.

அழிச்சேன். ஒரு தட்டு, போயிருச்சு. அழிச்ச பிறகு வெட்கம் கூடித்தான் போச்சு. என் வரி போனதும் மத்தவங்க வரி மேல வந்து நிக்குது. ஆரம்பிச்சு வெச்சவ மட்டும் அந்த இடத்துல இல்ல.

பசறை ஜாக்கெட் ஒண்ணுல இடது கையை வலது பக்கம் வெச்சுத் தைச்சுட்டேன். பிரிச்சேன்.


பெப். 8, சனி

ரெண்டு நாளா 'தொலைவூர்க் கப்பல்' மட்டும். முதல்ல இருந்து, சாதாரண வேகத்துல. அன்னைக்கு ஒன்றரை மடங்கு வேகத்துல வெச்சு, ஓவர்லாக் சத்தத்துக்குள்ள, ரெண்டு அத்தியாயமும் கொஞ்சமும் தான் கேட்டேன். போன்ல இன்னும் அடையாளம் இருக்கு: மூணாவதுல நாலு நிமிஷம். அதோட நிறுத்திட்டு, பதினோராவதுக்குக் கீழ போய்க் கருத்து எழுதியிருக்கேன்.

கதை இது. மழை பொய்ச்சுப் போன ஒரு கிரகம். அங்க இருக்கிற சனங்களுக்கு, தூரத்துல ஒரு குளிர்ந்த கிரகத்துல வேலை இருக்குன்னு சொல்லிக் கப்பல்ல ஏத்துறாங்க. அங்க மண்ணைத் தோண்டினா வெள்ளி கிடைக்கும்னு ஆசை காட்டுறது கேப்டன். அவரும் அதே கிரகத்து ஆள், அவங்க பாஷை பேசுறவர், பாதி பேருக்குச் சொந்தக்காரர். மேல இருக்கிறவங்களுக்கு ஆள் கணக்குக் குடுக்கிறதும் அவர் தான். அவர் கங்காணி மாதிரி பேசல. அவர் கங்காணி தான். கதையே அது தான்.

மூணாவதுல ஆறாவது நிமிஷத்துல, நான் நிறுத்தின இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பொம்பளை கேப்டனைப் பார்த்து, நீ எங்க பாஷையில பேசினதால தானே நம்பி ஏறினோம்னு கேக்குறா. அந்த வரியை வேற எந்தத் தமிழ்ல வாசிச்சாலும் செத்துப் போயிருக்கும். ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா எனக்கும் அன்னைக்கே விளங்கியிருக்கும்.

வாசிப்பைப் பத்தி இப்ப என் கருத்து: எதிரொலி இல்ல. வயலின் இல்ல. எங்கயோ ஒரு சேவல் கூவுது, ஒரு தடவை மழை தகரத்துல விழுற சத்தம். குரலை மாத்தாம, வேகத்தை மட்டும் மாத்தியே ஆளுங்களைப் பிரிச்சுக் காட்டுறாங்க. கிழவிக்கு நிறுத்தி நிறுத்தி. கேப்டனுக்கு மூச்சு விடாம. இத்தனை வருஷத்துல நான் கேட்டதுல இது தான் ஒண்ணாம் நம்பர்.

பதினோராவது இங்க நிக்குது: கப்பல் இறங்கியாச்சு. குளிர். வேலைக்கு ஆளுங்களை வரிசையா நிறுத்தி, கேப்டன் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுறார். யாரும் தன் பேருக்குப் பதில் சொல்லல. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல.

மெஷினை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பக்கத்துக் கடை மல்லிகா நோனா எட்டிப் பார்த்து, கரண்ட் இல்லையான்னு சிங்களத்துல கேட்டாங்க. இருக்குன்னேன்.


பெப். 11, செவ்வாய்

தைப்பூசம். கோயில்ல கூட்டம். கால் மிதிபட்டுச்சு.

ஏன் அப்படி எழுதினேன்னு நாலு நாளா யோசிக்கிறேன். பதில் தெரியாததில்ல, எழுதத்தான் பிடிக்கல.

நான் பூனாகலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவ. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை, அப்பாவுக்கு ஃபேக்டரி. இருபத்தொரு வயசுல கட்டிக் குடுத்து பதுளைக்கு வந்தேன். இவர் (என் வீட்டுக்காரர் மோகன்) குடும்பம் பரம்பரையா பஜார்ல புடவைக் கடை. வந்த முதல் வாரம், கடைக்கு வந்தவங்ககிட்ட நான் ஏதோ சொன்னேன். மாமியார் சிரிச்சுக்கிட்டே, "ஆளுங்க முன்னால வாயைத் திறக்காதே ராஜி, தோட்டம்னு தெரிஞ்சுரும்"னாங்க. ஏசல. சிரிச்சுக்கிட்டே தான். ஏசியிருந்தா மறந்திருப்பேன்.

அதுல இருந்து பேச்சை ஒவ்வொண்ணா மாத்தினேன். ரேடியோ கேட்டு, புத்தகம் படிச்சு. 'வந்துச்சு' போய் 'வந்தது'. ஒரு வருஷத்துல யாரும் கண்டுபிடிக்க முடியாம ஆச்சு. இந்தக் கொப்பியில எழுதுறப்ப மட்டும் தான் பழைய பேச்சு. இதை யாரும் படிக்கிறதில்ல.

மாமியார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அவங்க வேலையை நான் எடுத்துச் செஞ்சிருக்கேன்.

அம்மா சாகுறதுக்கு முந்தின வருஷம் பதுளைக்கு வந்திருந்தாங்க. கடையில ஆள் இருந்தப்ப அம்மா சத்தமாப் பேசினாங்க, நான் உள்ள போய் உக்காரச் சொல்லிட்டேன். எழுந்து போனாங்க. இதை எழுத நினைக்கல. எழுதியாச்சு, இருக்கட்டும்.


பெப். 12, புதன்

போயா. கடை பூட்டு. வீட்டுல இருந்து சுமதி டீச்சர் ஜாக்கெட் கை வேலை முடிச்சேன். கொக்கி ஏழு. கைக்குழி ரெண்டு தரம் பிரிச்சுத் தளர்த்தினேன்.

நாளைக்குச் சொல்லணும். எப்படித் தொடங்குறதுன்னு மூணு விதமா யோசிச்சு வெச்சிருக்கேன்.


பெப். 13, வியாழன்

சொல்லல.

பதினொண்ணரைக்கு வந்தாங்க. போட்டுப் பார்த்தாங்க. கையை மேல தூக்கி, போர்டுல எழுதுற மாதிரி காட்டி, இப்ப சரின்னு சிரிச்சாங்க. பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. பிளேன்டி போட்டுக் குடுத்தேன்.

நீங்க கதை வாசிச்சுப் போட்டீங்களா டீச்சர், கேட்ட குரலா இருக்கேன்னு ஆரம்பிச்சேன். கப்பை வெச்சுட்டாங்க. ஆமான்னாங்க. இந்த ஊர்ல அதைக் கேட்டேன்னு சொன்ன முதல் ஆள் நான் தானாம். அந்த நம்பிக்கையில எல்லாத்தையும் சொன்னாங்க.

கதை அவங்களோடது இல்லையாம். வீட்டுக்காரர் சிவலிங்கம் சொல்ற கதை. அவர் தோட்டத்து ஃபேக்டரியில கரண்ட் வேலை பார்த்தவர். ரத்தத்துல சீனி கூடுற வருத்தத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள கண் ரெண்டும் போயிருச்சு. வேலையும் போச்சு. சன்னல் பக்கத்துல நாற்காலியைப் போட்டு ஒரு வருஷம் யாரோடயும் பேசாம இருந்திருக்கார். அப்புறம் ஒரு நாள் பின்னேரம், டீச்சர் ஸ்கூல் விட்டு வந்தப்ப, ஒரு கப்பல் இருந்துச்சு சுமதின்னு ஆரம்பிச்சிருக்கார். அவர் சொல்லச் சொல்ல இவங்க ஸ்கூல் கொப்பியில எழுதி, ஞாயித்துக்கிழமைல வாசிச்சு, போன்ல போட்டிருக்காங்க. யாரோ நாலு பேர் கேட்டு நல்லாயிருக்குன்னு எழுதினா மனுஷன் எழுந்து உக்காருவாரேன்னு.

எழுந்து உக்காந்தார். அவர் போன்ல, எழுதியிருக்கிறதை மெஷின் குரல் வாசிச்சுக் காட்டும். காலையில அவங்க ஸ்கூலுக்குப் போன பிறகு, கருத்து எல்லாத்தையும் ஒண்ணு விடாமக் கேப்பாராம்.

"ஒரு நாள் வந்து பாத்தா, போனை அணைச்சு மேசையில வெச்சிருந்தாரு. போதும் சுமதி, கதை முடிஞ்சிருச்சுன்னாரு. முடியலைன்னு எனக்குத் தெரியும். பிறகு தான் நானே எடுத்துப் பாத்தேன். அவரு தான் என்னை அசிங்கப்படுத்திட்டதா நெனச்சுக்கிட்டாரு. என் பேச்சை ஆளுங்க சிரிக்கிற எடத்துல கொண்டு போய் நிறுத்திட்டாராம்."

அழல. சாதாரணமாத் தான் சொன்னாங்க. யாரு எழுதினதுன்னு நான் கேக்கல. 'விண்மீன்'னு அவங்க வாயால கேக்கப் பயம்.

இது தான் நேரம். வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த நேரம் பார்த்து பசறைக் கல்யாண வீட்டு ஆளுங்க ஜாக்கெட் எடுக்க வந்தாங்க. நான் சட்டுன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டேன். திரும்ப வேண்டிய அவசியம் இல்ல. ரெண்டு நிமிஷம் இருங்கன்னு சொல்லியிருக்கலாம். டீச்சர் கப்பைக் கழுவியே வெச்சுட்டு, போய்ட்டு வர்றேன் அக்கான்னு கிளம்பிட்டாங்க.


பெப். 14, வெள்ளி

இவர்கிட்டச் சொன்னேன், காலைச் சாப்பாட்டுக்கு உக்காந்திருந்தப்ப. முதல்லயிருந்து எல்லாம். கேட்டுட்டு, "பேர் போடாமத்தானே எழுதின, யாருக்குத் தெரியப் போகுது"ன்னார். ஆறுதலாத்தான் சொன்னார். கெட்டவர் இல்ல. ஆனா பேர் போட வேண்டியிருந்தா அதை எழுதியிருக்கவே மாட்டேனே. அதைச் சொன்னேன். அவருக்கு விளங்கல, சம்பல் கேட்டார்.

காதுல இன்னைக்கு ஒண்ணும் இல்ல. புதுசா ஒரு கதை வந்திருக்கு, காலத்துல பின்னால போய்த் தப்பைத் திருத்துற ஒருத்தர். ரெண்டு நிமிஷத்துல நிறுத்திட்டேன். இந்த வகைக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இது வரைக்கும்.

ஞாயிறு மடுல்சீமை போறதுன்னு முடிவு. இவர் கூட வரட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னேன்.


பெப். 16, ஞாயிறு

போனேன். வந்தேன். நடந்தது நடந்த மாதிரி எழுதணும், நல்லவளா எழுதிக்கக் கூடாது.

ஆறே முக்கால் பஸ். பசறை வரைக்கும் உக்கார இடம் இல்ல. அதுக்கு மேல வளைவு, பள்ளம், மறுபடி வளைவு. மேல ஏற ஏறப் பனி. பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை, மகள் பேறுகாலத்துக்கு போறாங்களாம், மடியில மரக்கறி மூட்டை. நீங்க எங்க போறீங்கன்னு கேட்டாங்க. தெரிஞ்சவங்க வீட்டுக்குன்னேன்.

ஸ்கூல் எங்கன்னு கேட்டுக் கேட்டு ஒரு மைல் நடை. லயத்தைத் தாண்டி, ஸ்கூலை ஒட்டி சின்ன வீடு. டீச்சர் வாசல்ல உடுப்புக் காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னைக் கண்டதும், ஜாக்கெட்ல ஏதும் மாறிப் போச்சா அக்கான்னு பதறிக் கேட்டாங்க. வேற யாரோட ஜாக்கெட்டையோ மாத்திக் குடுத்துட்டேன்னு நினைச்சிருக்காங்க. இல்லைன்னேன். உள்ள கூப்பிட்டாங்க.

அவர் சன்னல் பக்கத்துல இருந்தார். நான் நினைச்சதை விடச் சின்ன வயசு. முடி நல்லா சீவி, சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டு. யாருன்னு கேட்டார். பதுளையில ஜாக்கெட் தைக்கிற அக்கா, நம்ம கதையைக் கேட்டவங்கன்னாங்க டீச்சர். முகம் திரும்புச்சு என் பக்கம்.

உக்காந்தா சொல்ல முடியாதுன்னு நின்னுக்கிட்டே சொன்னேன். யோசிச்சு வெச்ச மூணு விதமும் மறந்து போச்சு.

"அண்ணே, டீச்சர், பதினோராவதுக்குக் கீழ தமிழ் பேசப் பழகிட்டு வாசிக்க வாங்கன்னு எழுதினது நான் தான். விண்மீன் நான் தான்."

சேவல் ஒண்ணு வெளிய கூவிச்சு.

டீச்சர் தான் முதல்ல பேசினாங்க. "வியாழக்கிழமை நான் உங்ககிட்ட எல்லாஞ் சொன்னேனே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

தெரியும்னேன். அதுக்கு முந்தின வாரமே தெரியும்னேன். அவங்க உள்ள போனாங்க. அடுப்படியில பாத்திரம் ஒண்ணு மாத்தி ஒண்ணு வைக்கிற சத்தம்.

அவர் என்னை உக்காரச் சொன்னார். உக்காந்தேன். அப்புறம் நான் எந்தத் தோட்டம்னு கேட்டார். பதுளைன்னு டீச்சர் சொன்னதைக் கேக்காத மாதிரி, நேரா அதைத் தான் கேட்டார். இத்தனை வருஷத்துல என் பேச்சைக் கேட்டு யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்ல. இன்னைக்குப் பயத்துல எந்தப் பேச்சுல பேசினேனோ.

பூனாகலைன்னேன். கீழ் டிவிஷன்.

"அப்ப தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்க"ன்னார்.

ஏசுற குரல் இல்ல. கணக்கு ஒண்ணு சரியா வந்துட்ட மாதிரி. அப்புறம் சொன்னார், கேப்டனை கங்காணின்னு கண்டுபிடிச்சு எழுதினது நான் ஒருத்தி தானாம். நல்லாயிருக்குன்னு எழுதின ஒருத்தருக்கும் அது தெரியல. மெஷின் அந்த வரியை வாசிச்சப்ப ஒரு நொடி அவருக்குச் சந்தோஷம் வந்துச்சாம், நம்ம ஆள் ஒருத்தர் கேக்குறாங்கன்னு. அடுத்த வரி வரைக்கும்.

மன்னிச்சுருங்கன்னேன். மூணாவதுல நாலு நிமிஷத்தோட நிறுத்திட்டேன்னும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ. ஆனா உண்மை அது தான்.

டீச்சர் தேத்தண்ணி கொண்டு வந்தாங்க. மூணு கப். எனக்கும்.

மிச்சக் கதை இருக்கான்னு கேட்டேன். கேக்க எனக்கு என்ன உரிமை, ஆனாலும் கேட்டேன். இருந்துச்சுன்னார். பத்து அத்தியாயம் போல மனசுல வெச்சிருந்தாராம். சொல்லாம வெச்சா கதை தங்காது, ஒவ்வொண்ணாப் போயிருச்சுன்னார். அந்த கிரகத்துல ஒரு பொம்பளை ஏதோ ஒரு செடி நடுறா, எதுக்கு நட்டான்னு இப்ப அவருக்கே ஞாபகம் இல்ல. டீச்சர் சன்னல் கம்பியைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அவங்களுக்கும் இது இப்பத் தான் தெரியும்னு நினைக்கிறேன்.

மறுபடி வாசிங்க டீச்சர்னு சொன்னேன்.

"வாசிக்க மாட்டேன் அக்கா"ன்னாங்க. "கோவத்துல சொல்லல. இப்ப பிள்ளைங்களுக்குப் பாடம் வாசிக்கிறப்பவே என் குரல் எனக்குத் தனியாக் கேக்குது."

மன்னிச்சோம்னு ரெண்டு பேரும் சொல்லல. பனி இறங்குறதுக்கு முந்திப் போயிருங்க, பன்னெண்டரை பஸ்ஸை விட்டா மூணரை தான்னு டீச்சர் வாசல் வரைக்கும் வந்தாங்க. படி வழுக்கும்னு கையைப் பிடிச்சு இறக்கி விட்டாங்க. வாத்தியார் கை. சோக்கட்டி பிடிச்சுப் பிடிச்சு விரல்ல காய்ப்பு.

பஸ்ஸுல இடம் இருந்துச்சு.


பெப். 17, திங்கள்

தலைவலி. சில்லறை வேலை மட்டும். சிப் மாத்துறது, ஓரம் மடிக்கிறது.

ஒரு விஷயம் நேத்து எழுதல. வர்ற வழியெல்லாம் நான் அழுதது அவங்களுக்காக மட்டும் இல்ல. சொல்லிட்டா பாரம் இறங்கும்னு நினைச்சுப் போனேன், இறங்கல, அதுக்கும் சேர்த்துத் தான்.


பெப். 19, புதன்

தூத்தல். துணி காயல.

'தொலைவூர்க் கப்பல்' பதினோராவதுக்குக் கீழ புதுசா எழுதினேன். 'விண்மீன்' கணக்கை மூடிட்டு, வேற திறந்து, சொந்தப் பேர்ல. ராஜேஸ்வரி, பூனாகலை. என்ன எழுதினேன்னா:

"இந்தக் கதையை முழுசாக் கேக்காம, தோட்டத்துத் தமிழ்னு கேலி பண்ணி விண்மீன்ங்கிற பேர்ல எழுதினது நான். நானும் தோட்டத்துல பொறந்தவ தான். கேப்டன் இப்படித்தான் பேசணும். அம்மா இப்படித்தான் பேசுவாங்க. நான் எழுதினது தப்பு. கதை அருமை, வாசிப்பு அதை விட அருமை."

போட்டுட்டு மெஷினுக்குத் திரும்பிட்டேன். பிற்பகல் வந்து பார்த்தா ஒரே ஒரு பதில், மதுரைப் பிள்ளை: "விண்மீன் அக்காவா நீங்க? ஏன் இப்படி?" ஏன்னு கேக்குற பிள்ளைக்கு நாலு வரியில எப்படிச் சொல்ல. இன்னும் எழுதல. வேற யாரும் பார்க்கல. பழைய கேலிக்கு விருப்பம் போட்ட ஆளுங்க எல்லாம் எப்பவோ போயிட்டாங்க. நான் தான் தாமதம்.

அவர் போன் இதை வாசிச்சுக் காட்டுமா? ஆப்பையே எடுத்துட்டதா டீச்சர் அன்னைக்குச் சொன்ன ஞாபகம்.

கடையில ஒரு அம்மா, கழுத்து பின்னால இவ்வளவு இறக்கம் வேணாம்னாங்க. சரிங்கம்மா, ஏத்தி வெச்சுருவோம்னேன். வாய் தானா அப்படிப் பேசிச்சு. அந்த அம்மா ஒண்ணும் கவனிக்கல.


பெப். 23, ஞாயிறு

வெயில். நேத்தைய உடுப்பு எல்லாம் காய்ஞ்சுது. இவர் அரிசி மூட்டை எடுத்து வந்தார்.

பத்தரைக்கு டீச்சர் கிட்ட இருந்து போன். முதல்ல வேற பேச்சு. ஸ்கூல்ல ரெண்டு டீச்சர்மார் ஜாக்கெட் தைக்கணுமாம், அடுத்த மாசம் அனுப்பட்டுமான்னு. அனுப்புங்கன்னேன். பின்னால சிவலிங்கம் அண்ணன் இருமுற சத்தம்.

நேத்து பின்னேரம் அவராவே கதையை மறுபடி ஆரம்பிச்சாராம். செடி எதுக்குன்னு ஞாபகம் வரலையாம், ஆனா அந்தப் பொம்பளைக்கு வேற வேலை குடுத்திருக்கார். பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப யாரும் பதில் சொல்லலையே, அவ முன்னால வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க பேரைக் கேட்டு, அவளே சத்தமாச் சொல்றாளாம். அரை மணி நேரம் சொல்லியிருக்கார். டீச்சர் எழுதல. சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம்.

"உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு அக்கா. ஆனா இனிப் போன்ல எல்லாம் போட மாட்டோம். இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

சரி டீச்சர்னேன். அது தான் நல்லதுன்னும் சொன்னேன். ஒரே ஒரு தடவை நான் வந்து உக்காந்து கேக்கட்டுமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அவங்களும் கூப்பிடல. வெச்சுட்டாங்க.

பன்னெண்டாவது அத்தியாயம் எனக்கு இல்ல.

சோறு வடிக்கணும்.